மைக் ஒயர் எட்டாத இடம்

எங்கள் ஊர் மாதா கோயிலில், பூசையில் நான் முதன்முதலாக வேத வாசகம் வாசித்த அன்று என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பீடத்துக்குப் பின்னால், சாமியார் பூசை உடுப்பு மாட்டும் சக்கிரீஸ்து அறையில், மெழுகுதிரிப் பெட்டிகளுக்கும் தூபக்கலசத்துக்கும் நடுவே நின்றிருந்தேன். கையில் வாசகப் புத்தகம், முகத்துக்கு நேரே புது மைக். நான் ஒரு சொல்லை உள்ளே சொல்ல, கோபுரத்தில் கட்டியிருந்த கூம்புக்குழாய் அதை எடுத்து ஊருக்கே சொன்னது. அரியலூர் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூரில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலை உத்தரவுக்காக வீட்டில் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா கூலிக்கு உழுதார், அம்மா கூலிக்குக் களை எடுத்தாள். காலனித் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்கிருந்த கர்வத்தை இப்போது குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. தெருக்குழாயடியில் குடத்தோடு நிற்கும்போதுகூட நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பேன்.

ஞாயிறு பூசையில் வாசகம் வாசித்துக்கொண்டிருந்த கன்னியர் மடத்து சிஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்த சிஸ்டர் மலையாளத்துக்காரர். தமிழ் எழுத்தைப் பார்த்தாலே அவருக்கு வியர்க்கும். சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நடுத்தர வயது, மெதுவான பேச்சு, யாரையும் கடிந்து பேசாதவர்.

"நீ நல்லா வாசிப்பேன்னு மடத்து மதர் சொன்னாங்க. வாற ஞாயித்துக்கெழமையிலேர்ந்து வாசிக்கிறியாம்மா?"

"வாசிக்கிறேன் சாமி."

"ஒண்ணு மட்டும். புது மைக்கு வாங்கியிருக்கு. ஆனா வாசக மேடை வரைக்கும் ஒயர் எட்டல. அதனால சக்கிரீஸ்துல நின்னே வாசிச்சிடு. என்ன, குரல்தானே முக்கியம்?"

குரல்தான் முக்கியம் என்று நானும் நம்பினேன்.

எங்கள் கோயிலின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். சிலுவை வடிவக் கட்டடம். நடுவே நீண்ட கூடம், இரண்டு பக்கமும் இரண்டு கைகள். நடுக்கூடத்தில் பெரிய தெருக்காரர்கள் உட்காருவார்கள். இடது கை எங்களுக்கு. வலது கையில் மடத்துச் சகோதரிகளும் அவர்களின் விடுதிப் பிள்ளைகளும். நடுக்கூடத்துக்கும் இடது கைக்கும் இடையே சுவரில்லை, திரையில்லை. தரை மட்டும் மாறும். அங்கே சிவப்புச் சிமென்ட் பூசி மெழுகிய தரை, இங்கே பெயர்ந்த செங்கல். தரை மாறுகிற அந்தக் கோட்டை எங்கள் தெருக் குழந்தை தவழும்போதே கற்றுக்கொள்ளும். பூசையில் நன்மை என்கிற நற்கருணை வாங்குவதற்கும் அவர்கள் முடித்த பிறகு நாங்கள். கல்லறையில் நடுச்சுவர். இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால் இது கோயிலின் வழக்கம் என்றிருந்தேன், பீடத்தில் மெழுகுதிரி எரிவது எப்படி வழக்கமோ அப்படி. வாசக மேடை நடுக்கூடத்தின் முன்னால் இருந்தது. அங்கே ஒயர் எட்டவில்லை என்று சொன்னதில் எனக்குச் சந்தேகம் எழவேயில்லை.

நான் சக்கிரீஸ்துக்குப் பின்கதவு வழியாகப் போவதும் வருவதும் எங்கள் தெருவுக்குத் தெரியும். பெரிய தெருவுக்குத் தெரியாது. "வாசிக்கிறது சரி, வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்று சித்தி சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். "சொன்னாக் கேளு" என்றாள். கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டு உடைத்தது அம்மா.

அன்றைக்கு அம்மா பெரிய தெருவில் ஒரு வீட்டாரின் கடலைக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கஞ்சித்தூக்கு எடுத்துப் போயிருந்தேன். கொல்லைக்காரரின் மனைவி வரப்பில் வேப்ப நிழலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பக்தியுள்ள அம்மாள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடந்தே போய் வருபவர். களை எடுக்கிற பெண்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"புது சிஸ்டர் வாசகம் வாசிக்குதே, கேட்டீங்களாடி? கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா வானத்துலேர்ந்து சம்மனசு எறங்கி வந்து பேசுற மாதிரி இருக்கு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நல்ல குடும்பத்துப் புள்ளையாத்தான் இருக்கணும்."

களைக்கொத்திகள் ஒரு நிமிடம் நின்றன. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நல்ல குடும்பந்தாங்கம்மா. எங் குடும்பம். இந்தா, கஞ்சித்தூக்கோட நிக்கிது பாருங்க, அதான் உங்க சம்மனசு."

"சும்மா இரு. வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சா ஒனக்கு?"

"நெசமாத்தாங்க. பாப்பா, போன வாரம் வாசிச்சதுல ரெண்டு வரி இந்த அம்மாவுக்குச் சொல்லு."

நான் சொன்னேன். அம்மா கேட்டாள் என்பதற்காக மட்டுமல்ல, எனக்கும் ஆசையாக இருந்தது. கொல்லை வெளியில், காற்றில், மைக் இல்லாமல், கோயிலில் வாசிப்பது போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரவைத்த அதே குரல்தான். ஆனால் அது என் வாயிலிருந்து வரவர அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பதார்த்தத்தில் என்னவோ கிடந்ததைக் கண்டவர் போல ஆனார்.

"ஆரு ஒன்ன சக்கிரீஸ்துக்குள்ள வுட்டது?" என்று கேட்டார்.

நன்றாக வாசிக்கிறாய் என்று சொல்வார் என்றல்லவா நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சாமியாரைப் பார்க்கப் போனேன். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. திருவிழாப் பூசைக்கு எந்த வாசகம் என்று கேட்டுப் பழகிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் வரும் பூசை அது. அதில் வாசிப்பதைத்தான் மாதக் கணக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

கோயில் முற்றத்தில் மைக்செட்டுக்காரர் கொடியேற்றத்துக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கறுப்பு ஒயர் வளையம் வளையமாகக் கிடந்தது. கோயிலுக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டே வந்து, வாசல் படியிறங்கி, முற்றம் தாண்டி, கொடிமரத்தடியில் கொண்டுபோய் மைக்கை நட்டார். அப்படியும் ஒயர் மீந்தது. மீந்ததைச் சுருட்டிக் கொடிமரத்தில் மாட்டினார்.

நான் அந்த ஒயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சக்கிரீஸ்திலிருந்து வாசக மேடைக்கு ஒரு சின்னப் பிள்ளை ஓடினால் மூச்சு வாங்காது. கொடிமரமோ கோயிலுக்கு வெளியே, புளியமரத்தைத் தாண்டி. அவ்வளவு படித்திருந்தும் ஒரு ஒயரின் நீளத்தை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

சாமியார் தான் தங்கும் அறைவீட்டு வராந்தாவில் இருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு வாசகம் வேணாம்மா. பெரிய தெருவுலேர்ந்து வந்து சத்தம் போட்டுட்டுப் போறாங்க. திருவிழா முடியட்டும்."

"ஒயரு கொடிமரம் வரைக்கும் எட்டுதே சாமி."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒம் மனசு நோகக் கூடாதுன்னுதாம்மா அப்படிச் சொன்னேன்" என்றார்.

கெட்ட மனிதரில்லை அவர். அதனால்தான் அந்தச் சொல் எனக்கு அவ்வளவு உறைத்தது. பெரிய தெரு என்னை எங்கே வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் நன்மைக்கு, பாவசங்கீர்த்தனத்துக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு நிற்கிற சாமியாருமே என்னை அங்கேதான் வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

வீட்டில் சொன்னபோது அம்மா அழுதாள், தன் வாயால் கெட்டது என்று. சித்தப்பாவுக்குக் கோபம். தீண்டாமை குற்றம் என்று அரியலூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருந்ததை நான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். "செவுத்துல எழுதி வச்சது நமக்குந்தானே? வா, கேட்டுட்டு வருவோம்" என்றார். அப்பா, சித்தப்பா, நான் மூவரும் டவுனுக்குப் போய் ஓர் அரசு அலுவலகத்தில் மத்தியானம் வரை காத்திருந்தோம். அதிகாரி எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவே எங்களுக்கு நம்பிக்கையாக இருந்தது. முழுக்கக் கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

"உங்க மதத்துல ஜாதி உண்டாம்மா?"

"மதத்துல இல்ல சார். கோயில்ல இருக்கு."

சிரித்தார். "நல்லாப் பேசுற. என்ன படிச்சிருக்க?"

"ஆசிரியர் பயிற்சி சார்."

"எந்தக் கோட்டாவுல சீட்டு வாங்கின?"

"பி.சி. சார்."

"அவ்வளவுதான். அரசாங்கத்தப் பொறுத்தவரைக்கும் நீ தாழ்த்தப்பட்ட ஜாதியே இல்ல. கிறிஸ்டீனு. அப்புறம் தீண்டாமைன்னு நான் எதை எழுதுறது? இது உங்க கோயில் சமாச்சாரம். பிஷப்பப் போய்ப் பாருங்க."

நான் பயிற்சியில் படித்த பாடம் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று குடிமையியலில் கேள்வி வந்தால் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியவள். கல்லறையில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே சுவர் எழுப்பியவர்களுக்கு நாங்கள் யார் என்று சந்தேகமே வந்ததில்லை. சட்டப் புத்தகத்துக்குத்தான் வந்திருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "கோயிலுக்குப் போனா காலனிக்காரன். ஆபீஸுக்குப் போனா வேதக்காரன். நாம எங்கதான் போயி நாமளா நிக்கிறது?"

ஊர் நெருங்கும்போது சித்தப்பா கேட்டார், "அண்ணே, திருவிழாவுக்கு வேட்டு வக்கிறது நீதானே?"

அதிர்வேட்டு எங்கள் தெருவின் வேலை. இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து, கோயிலுக்குத் தெற்கே முந்திரிக்கொல்லை ஓரமாக நட்டு வைப்பார்கள். திருவிழாப் பூசை முடிந்து ஜனம் கோயில் வாசலை விட்டு வெளியே வருவதுதான் அப்பாவுக்கு அடையாளம். அவர் திரி கொளுத்தி, முதல் வேட்டு அதிர்ந்த பிறகே மாதா சப்பரத்தைத் தூக்குவார்கள். வேட்டு இல்லாமல் சப்பரம் நகர்ந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. நகர்ந்தால் ஊருக்கு ஆகாது என்று பெரிய தெருவே பயப்படும்.

என் பெண் வாசித்தால் வேட்டு, இல்லாவிட்டால் இல்லை என்று அப்பா சாமியாரிடம் சொல்லிவிட்டார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். பெரிய தெருக்காரர்கள் வெளியூர் வேட்டுக்காரர்களைத் தேடினார்கள். அவர்களெல்லாம் எங்களுக்குச் சம்பந்திகள், மாமன் மச்சான்கள். யாரும் வரவில்லை. திருவிழாவுக்கு முன்னால் சாமியார் ஆளனுப்பினார்: "வாசிக்கட்டும். மேடையிலேயே வாசிக்கட்டும். பெரிய தெருவுல சரின்னுட்டாங்க."

சரி என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னதில் எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பயிற்சியின் கடைசி நாளில் கட்டிய வெள்ளைப் புடவையைக் கஞ்சி போட்டு எடுத்து வைத்தேன்.

திருவிழா அன்று கோயில் நிறைந்திருந்தது. என் முறை வந்ததும் இடது கையிலிருந்து எழுந்தேன். செங்கல் தரை முடிந்து சிமென்ட் தரையில் கால் வைத்தபோது பாதத்தில் அதன் வழுவழுப்பு தெரிந்தது. மேடையேறிப் புத்தகத்தைத் திறந்தேன். மைக் எனக்கு நேரே, ஒயரோடு, நின்றது. வாசகத்தின் தலைப்பை வாசித்தேன். கூம்புக்குழாய் அதை வாங்கி ஊருக்குச் சொன்னது.

முதல் வரியில் ஒரு சலசலப்பு. கடலைக்கொல்லை அம்மாள்தான் முதலில் எழுந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பீடத்தைப் பார்த்து மண்டியிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, திரும்பி நடந்தார். அவர் பின்னால் அந்த வரிசை. அதன் பின்னால் அடுத்த வரிசை. யாரும் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. ஒவ்வொருவரும் பக்தியாக மண்டியிட்டு எழுந்துதான் போனார்கள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. வசை என்றால் பதிலுக்கு வசை உண்டு. என் முன்னால் எந்த ஆண்டவரை வணங்கினார்களோ அவரை வணங்கிவிட்டே என்னை விட்டுப் போகிறவர்களுக்கு என்ன சொல்வது?

நான் நிறுத்தவில்லை. குரலை மட்டும் உயர்த்தினேன். வெளியே போனாலும் கோபுரத்துக் குழாய் வழியே கேட்டுத்தானே ஆக வேண்டும் என்ற வீம்பு. அப்போது மைக் செத்தது. கோயில் வராந்தாவில் இருந்த மைக்செட்டுப் பெட்டியிலிருந்து யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். கூம்புக்குழாய் பாதிச் சொல்லோடு நின்றது. என் சொந்தக் குரல், அது மட்டும், பெரிய கட்டடத்துக்குள் சின்னதாகக் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். நடுக்கூடம் காலி. கதவுவரைக்கும் சிவப்புத் தரை பளபளத்துக் கிடந்தது. இடது கையில் எங்கள் சனம் ஒருவர் மடியில் ஒருவராக, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு முட்ட நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தும் ஒருவர்கூடத் தரை மாறுகிற கோட்டைத் தாண்டவில்லை. கால் விரலைக்கூட நீட்டவில்லை. எழுந்து போனவர்களைப் பார்த்ததைவிட இதைப் பார்த்துத்தான் நான் விறைத்துப் போனேன். நானும் நேற்றுவரை அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன், கர்வத்தோடு, நிமிர்ந்து, அந்தச் செங்கலின் மேல்?

பீடத்தில் சாமியார் கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்திருந்தார். நான் அடுத்த வரியைத் தேடிப் பிடித்தேன்.

அப்போதுதான் தெற்கே வேட்டு அதிர்ந்தது.

கோயில் ஒரு குலுங்கு குலுங்கியது. கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. குழந்தைகள் வீரிட்டன. வெளியே பக்தியாக வரிசையில் நின்றிருந்தவர்கள் சிதறி ஓடும் சத்தம் கேட்டது. அடிதடியா, தீயா என்று ஒன்றும் விளங்கவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

இடது கையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, கொல்லையில் கூப்பிடுகிற அதே குரல்.

"பயப்படாத பாப்பா. அது ஒங்கப்பந்தான். சனம் வெளிய வந்ததும் பூசை முடிஞ்சிருச்சுன்னு கொளுத்திப்புட்டாரு."

யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார்.

"நீ வாசி" என்றாள் அம்மா. "ஆனா இங்க ஒண்ணும் கேக்கலடி. மைக்கு போனதுலேர்ந்து வாயசையறதுதான் தெரியுது. இரு, கிட்ட வாரேன்."

எழுந்தாள். சித்தி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "எங்கடி போற, ஒக்காரு."

"எம் மவ வாசிக்கிறத நான் கேக்க வேணாமா? வுடு."

முந்தானையை உதறிக்கொண்டு அம்மா கோட்டைத் தாண்டினாள். தாண்டியது அவளுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நேராக வந்து, கடலைக்கொல்லை அம்மாள் எப்போதும் உட்காருகிற இடத்தில், மேடைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. சித்தி பாதி எழுந்து, கோட்டின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

வாசகத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு உள்ளங்கைகளாலும் தன் பக்கத்துத் தரையைத் தடவினாள். பிறகு சித்தி பக்கம் திரும்பி, பூசை நடக்கிறது என்பதையும் மறந்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ஏய், இங்க வந்து பாரு. தரை எப்படி சில்லுன்னு இருக்கு."